படிவத்தில் இருந்த கால்

அரசாங்கத்தின் ஊனமுற்றோர் கொடுப்பனவு யாருக்குக் கிடைக்கும், என்னென்ன கடிதம் வேண்டும் என்று யாராவது என்னிடம் கேட்டால், எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது குமட்டல்தான். பதில் அதற்குப் பிறகுதான் வரும்.

யுத்த காலம். வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். பம்பலப்பிட்டியில் ஒரு கந்தோரில் தட்டெழுத்து வேலை. யாழ்ப்பாணத்தில் சங்கக்கடை வரிசையில் சீனிக்கு நின்ற என் தம்பிக்கு, ஷெல் விழுந்து இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பொய்க்காலோடு என்னிடம் வந்து சேர்ந்தான். இருபத்துநாலு வயது. சவர பிளேட் வாங்கவும் அக்காவிடம் கை நீட்ட வேண்டியிருக்கிறதே என்று கூசி, தாடி வளர்த்தான். அந்த நேரத்துக் கொழும்பில், தாடி வைத்த தமிழ்ப் பொடியன் என்றால் பொலிஸ் சும்மா விடுமா! விசரன், விசரன் என்று ஏசினேன். ஆனால் தன் பெயரில் மாதம் ஒரு சின்னத் தொகை வந்தாலே அவன் நிமிர்ந்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் போய்ப் படிவம் வாங்கினேன்.

நாய் படாத பாடு பட்டோம். நிரந்தரமாக இங்கே இருக்கிறான் என்று கிராம சேவகரின் கடிதம். உழைக்க முடியாதவன் என்று அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டரின் கடிதம். அதைக் கொண்டுபோனால், சகோதரி உழைக்கிறாளே, பிறகு எதற்கு உதவி என்று ஒரு கேள்வி. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி. இவ்வளவுக்கும் விண்ணப்பகாரர் நேரில் வர வேண்டும், கொடுப்பனவுக் கந்தோர் மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. கால் இல்லாதவனை மூன்று மாடி ஏற்றித்தான் அவனுக்குக் கால் இல்லை என்று நிரூபிக்க வேண்டுமாம். தூ!

நாலாம் தடவை போனபோது, அங்கே இருந்த உத்தியோகத்தர் பெண் எங்கள் கோப்பைத் திறந்தாள். கிராம சேவகர் தன் கடிதத்தோடு எங்கள் பொலிஸ் பதிவின் பிரதியையும் இணைத்து அனுப்பியிருந்தார்.

வெளியூர்த் தமிழர் யார் வந்து தங்கினாலும் பொலிஸில் பதிய வேண்டும். அந்தப் படிவத்தில், உடலில் காயம், தழும்பு, குறைபாடு உண்டா என்றொரு கேள்வி இருந்தது. தம்பி வந்த அன்று நான் பேனையை எடுக்க, வீட்டுக்கார அன்ரி பக்கத்தில் வந்து நின்றா.

"பிள்ளை, கால் இல்லையெண்டு எழுதினா, இயக்கத்திலை நிண்டு சண்டையிலைதான் போனதெண்டு நினைப்பாங்கள். சங்கக்கடையெண்டு சொன்னா ஆர் நம்பப்போறான்? உன்னையும் அள்ளுவாங்கள், என்னையும் அள்ளுவாங்கள். ஒண்டுமில்லையெண்டு போடு."

போட்டேன். தம்பி பொய்க்கால் தெரியாமல் நீளக் கலிசானும் சப்பாத்தும் போட்டுக்கொண்டான். சமையலில் பட்ட சூட்டுத் தழும்பைக்கூட மறைத்து எழுதிய வீடுகள் எங்கள் ஒழுங்கையில் இருந்தன. எல்லாரும் செய்ததைத்தான் நானும் செய்தேன். கெட்டித்தனம் என்றுகூட நினைத்தேன்.

அந்த உத்தியோகத்தர் டொக்டரின் கடிதத்தையும் பொலிஸ் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பிறகு தம்பியிடம் கலிசானை உயர்த்தும்படி கையால் காட்டினாள். உயர்த்தினான். அது போதாதாம், பொய்க்காலைக் கழற்ற வேண்டுமாம். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் முன்னால், மர வாங்கில் குந்தி, வாரை அவிழ்த்துக் கழற்றினான். ஒருவராவது முகத்தைத் திருப்பவில்லை. எட்டிப் பார்த்த ஒரு மனுஷி வாய்க்குள் பிஸ்கட்டை மென்றுகொண்டே நின்றாள். எனக்கு அவளை அறையவேண்டும் போலிருந்தது.

"உன் தம்பிக்குக் கால் இல்லைதான், நான் பார்த்துவிட்டேன்," என்று உத்தியோகத்தர் என்னிடம் சிங்களத்தில் சொன்னாள். "ஆனால் பொலிஸுக்குக் கொடுத்ததில் குறைபாடு இல்லை என்று இருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். பொலிஸுக்கு அனுப்பி விசாரித்துத்தான் மேலே போகலாம்."

தம்பிக்குச் சிங்களம் தெரியாது. "என்னவாமக்கா?" என்றான்.

விசாரணை என்று அழைத்துப்போன பொடியன்களின் தாய்மாரை நான் காலிவீதிப் பொலிஸ் வாசலில் ஒவ்வொரு நாளும் காண்கிறவள். விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கலாமா, மிஸ், என்று கெஞ்சினேன். சீ, நானே என் குரலை அருவருத்தேன். எடுக்கலாம், எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாள். கெட்டவளில்லை, வெற்றுத் தாளையும் அவளே தந்தாள். அவள் சொல்லச் சொல்ல என் கையாலேயே சிங்களத்தில் எழுதினேன்: எனக்கு எந்த ஊனமும் இல்லை, தவறுதலாக விண்ணப்பித்துவிட்டேன், இனி இக்கொடுப்பனவைக் கோரமாட்டேன்.

தாளைத் தம்பியின் மடியில், கழற்றிய காலுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"என்னக்கா எழுதியிருக்கு?"

"காசு வர இன்னும் கொஞ்ச நாள் செல்லுமாம். அதுக்குத்தான். சைன் வை."

அவன் தாளைப் பார்க்கவில்லை. என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தான். பிறகு அந்த மிஸ்ஸிடம் திரும்பி, தனக்குத் தெரிந்த ஒரேயொரு சிங்களச் சொல்லில், சிரித்துக்கொண்டு நன்றி சொன்னான்.