கேசட்டில் வந்த அக்கா

மெல்பர்னில் சனிக்கிழமைகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் பேச்சுத்துணையாகப் போவேன். போன வாரம் அங்கே யாரோ பழைய கேசட் ஒன்றைப் போட்டார்கள். பாட்டு தொடங்கும் முன் எழுந்த மெல்லிய இரைச்சலில் மிதந்து, ஃபிஜியில் பா என்கிற ஊருக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா மதுரையிலிருந்து அங்கே வேலைக்குப் போன பள்ளி ஆசிரியர். அம்மா ஞாயிறுதோறும் தமிழ்ச் சங்கக் கூடத்தில் சம்பளமில்லாமல் தமிழ் சொல்லிக்கொடுத்தாள். நாங்கள் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பியபோது கரும்பு விவசாயி சின்னசாமி தாத்தா வந்தார். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தகப்பனோடு எட்டு வயதில் இந்தியாவிலிருந்து கப்பலேறியவர்.

"அக்கா ஒருத்தி இருந்தா டீச்சரம்மா. உசிரோட இருக்காளான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் விசாரித்து விசாரித்து அந்த அக்காவைக் கண்டுபிடித்தோம். அம்மா அவள் குரலைக் கேசட்டில் பதிந்துகொண்டாள்.

திரும்பியதும் தாத்தா வீட்டில் எல்லோரும் கூடினோம். தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. சர்க்கரை ஆலையின் பாகு வாசனை வீடெல்லாம் நிறைந்திருந்தது. நான் அம்மா மடியில் அரைத்தூக்கத்தில் கிடந்தேன்.

"டேய் சின்னசாமி! ஆத்தா சாவுக்குக்கூட வரலியேடா பாவி!" என்று கேசட்டில் ஆரம்பித்த அக்கா ஓயாமல் திட்டினாள். தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகள், பாட்டி என்ன சொல்கிறாள் என்று அங்கே இந்தியர்கள் எல்லோரும் பேசும் இந்தியில் கேட்டார்கள். தாத்தா கண்ணை மூடியபடி தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"ஏதோ கோவத்துல பேசிட்டாங்க" என்றாள் அம்மா சங்கடத்தோடு.

"பேசட்டும்மா. இங்க எல்லாருக்கும் நான் தாத்தா. டேய்னு கூப்பிட ஒருத்தருமில்ல. மொதல்லேருந்து போடுங்க."