சாமியை ரெண்டாவதாகப் போடலாமா?

போன மாதம் என் சித்தி மகள் தமிழரசி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஐந்து கலர் பட்டைகள். 'பூங்கா' என்று எழுதியிருந்த ஒன்று மட்டும் பனைமரம் மாதிரி உயர்ந்து நின்றது.

உடனே போன் போட்டேன். "என்னடி, உங்க ஊருக்குப் பூங்காதான் ரொம்ப அவசியமா?"

"அய்யோ அக்கா, அது கடைசி. எல்லாரும் ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டாங்கள்ல... அதோட சராசரி. நம்பர் சின்னதா இருந்தாத்தான் ஒசத்தி."

அதாவது, ஜெயித்தது குட்டையாக நிற்கும், தோற்றது நெட்டையாக நிற்கும். இதைப் பார்க்கிறவருக்கு எப்படிப் புரியும்? எனக்கே புரியவில்லையே!

தமிழரசி, மீன்சுருட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் கிராமத்தில் வார்டு மெம்பர். ஊருக்கு என்னென்னவோ வேண்டும். யூனியன் ஆபீஸிலோ, "இந்தத் தடவை ஒரே ஒரு கோரிக்கை எழுதிக் கொடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். எதைக் கேட்பது? ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் ஆன்லைன் சர்வே வைத்துவிட்டாள். கோயில் சுற்றுச்சுவர், சாயங்கால பஸ், தெருவிளக்கு, நூலகம், பூங்கா. ஐந்தையும் அவரவர் வரிசைப்படுத்த வேண்டும்.

அவளுக்கு வேண்டியது பஸ். மகள் அபிநயா ஜெயங்கொண்டத்தில் காலேஜ் படிக்கிறாள். காலையில் ஊருக்குள் பஸ் உண்டு. சாயங்காலம் கிடையாது. மெயின் ரோட்டில் இறங்கி, இருட்டுகிற நேரத்தில் முந்திரித் தோப்பு வழியாகத் தனியாக நடந்து வர வேண்டும். "பஸ் வரலேன்னா இந்த வருஷத்தோட படிப்பு போதும்" என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

சர்வேயில் ஜெயித்ததோ கோயில் சுவர். ஏறக்குறைய எல்லாருமே அதற்குத்தான் முதலிடம் கொடுத்திருந்தார்கள்!

"ஊரே கோயில்னு சொல்லிட்டுதுக்கா. இனிமே நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு பஸ் கேக்குறது?" குரல் உடைந்திருந்தது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஏதோ கேட்க வேண்டுமே என்று கேட்டேன்.

"ஆமா, நீ எதை முதல்ல போட்ட?"

"...கோயிலத்தான்."

"அடிப்பாவி. பஸ்ஸுக்காக ராத்தூக்கம் இல்லாம கிடக்குற நீயா?"

"சாமிய எப்படிக்கா ரெண்டாவதா போடுறது? கை வரலயே."

அவளுக்கே கை வரவில்லை என்றால் மற்றவர்களுக்கு மட்டும் வருமா? கல்யாணப் பத்திரிகையிலிருந்து மளிகைச் சீட்டு வரை பிள்ளையார் சுழிக்குப் பிறகுதான் நமக்கு மற்றதெல்லாம். அந்த லிஸ்டில் சாமியைச் சேர்த்ததுதான் தப்பு. சேர்த்த பிறகு அவரை ஒன்றாம் நம்பரிலிருந்து யார் இறக்குவார்?

"அப்ப கோயில லிஸ்ட்லேந்தே தூக்கிடட்டுமாக்கா?"

"அது திருட்டுத்தனம். கோயில் அங்கேயே இருக்கட்டும். ஆளாளுக்கு ரெண்டாவதா என்ன போட்டிருக்காங்கன்னு எண்ணிப் பாரு."

ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டாள். குரலே மாறியிருந்தது. முந்திரி வியாபாரியிலிருந்து துபாயில் இருக்கும் பையன்கள் வரை பெரும்பாலானவர்கள் இரண்டாவதாகப் போட்டிருந்தது... பஸ்.

கிராம சபையில் அந்தச் சராசரிப் படத்தை அவள் காட்டவில்லை. ஒரு சார்ட் பேப்பரில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பட்டை. முதலிடம் கொடுத்தவர்கள் சிவப்பு, இரண்டாமிடம் பச்சை, மற்றவை வெள்ளை. கோயில் பட்டை செக்கச்செவேல். பஸ் பட்டை பச்சைப்பசேல். யாருக்கும் விளக்கமே தேவைப்படவில்லை.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தாராம். "பஸ்ஸுன்னு எழுதிக் குடுத்துட்டா, அப்ப சாமிக்கு?"

"சாமிக்கு முதலிடம்தாங்க. அதுல மாத்தமே இல்ல" என்றாளாம் தமிழரசி. "சுவர நாம சேந்து கட்டிக்கலாம். பஸ்ஸ நாம ஓட்ட முடியாதுல்லங்க?"

அவர் யோசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது.

யோசித்துப் பாருங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் "என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டால் முதல் பதில், "ஒண்ணும் வேணாங்க." அது மரியாதை. இரண்டாவது பதில்தான் காபி. அதற்குள் தட்டையும் டம்ளரையும் எடுத்து உள்ளே வைத்துவிடுகிறவர்கள்தான் நம்மில் அதிகம். சர்வே எடுப்பவர்களும் அப்படித்தான். முதலிடத்தைப் பார்த்ததும் லேப்டாப்பை மூடிவிடுகிறார்கள்.

பஸ் இன்னும் வரவில்லை. ஆனால் போன வாரம் டிப்போவிலிருந்து வந்து ரோட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அபிநயாவின் அப்பா, "சரி, அடுத்த வருஷமும் போகட்டும்" என்று இறங்கி வந்திருக்கிறார். ஒரே ஒரு சிக்கல்தான். பஸ் திரும்புவதற்குக் கோயில் வாசலை விட்டால் ஊரில் வேறு இடமே இல்லையாம். காலை பஸ்ஸும் அங்கேதான் திரும்புகிறது; சுவர் எழும்பினால் இடம் போதாது. சுவரை நாலு அடி உள்ளே தள்ளிக் கட்டிக்கொள்ளலாம் என்று கோயில் கமிட்டியே சொல்லிவிட்டது.

முதலிடத்தில் இருந்தவர், பெண்பிள்ளைக்காக நாலு அடி நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்.