மாடியில் காய்ந்த மண்

ஒரே பக்கத்தில் அடங்கிய கடிதம் அது. சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த பிரவுசிங் சென்டரில், என் கையாலேயே தட்டச்சு செய்தது. ‘மேற்படியார் ஓராண்டாக எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்து வருகிறார். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல நடத்தை உள்ளவர்.’ கீழே அம்மா கையெழுத்துப் போட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க, கடலூரில் போலீஸ் அலுவலகத்துக்குப் போய் முத்திரை வாங்க வேண்டும். அதற்கு வீட்டுக்காரரின் கடிதம் தேவைப்பட்டது. 2009 என்று நினைவு.

மாடியில் குடியிருந்தவர் எத்தியோப்பியாவிலிருந்து மண்ணைப் பற்றி மேற்படிப்புப் படிக்க வந்தவர். முப்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். என்னைத் தங்கச்சி என்றும் அம்மாவை அம்மா என்றும் கூப்பிடுவார். நான் அண்ணன் என்றேன். தெருவில் அவருக்கு வேறு பெயர்கள் இருந்தன. அவற்றை எழுத எனக்கு விருப்பமில்லை. அப்பா அப்போது மஸ்கட்டில் இருந்தார். மாடியே அவர் அனுப்பிய சம்பளத்தில் எழும்பியதுதான். யாருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம் என்று சொன்னபோது போனில், “இங்க நான் எப்படியோ அப்படித்தான அவரு அங்க. பாத்துக்குங்க” என்றார்.

அண்ணன் எங்கள் ஊருக்குப் பழகியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். கையால் சாப்பிட அவருக்கு யாரும் கற்றுத்தரத் தேவைப்படவில்லை. அவர்கள் ஊரிலும் மாவைப் புளிக்கவைத்து அகலமாக வார்த்து, கையால் பிய்த்துத்தான் தின்பார்களாம். அம்மா புளித்த மாவில் தோசை வார்த்துக் கொடுத்த அன்று கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். கோலத்தை மிதிக்காமல் சுற்றி நடக்கவும், பஸ்ஸில் பெண்கள் பக்கத்து இடம் காலியாக இருந்தாலும் நின்றுகொண்டே வரவும் தானாகப் பழகிக்கொண்டார். பழக முடியாத ஒன்றும் இருந்தது. அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அவர் காய் வாங்கிக்கொண்டு தெருமுனை திரும்பிய பிறகுதான் மறுபடி தொடங்கும். ஒருநாள் என்னிடம், “நான் வந்தா ஏன் எல்லாரும் சும்மா ஆயிடறாங்க?” என்று கேட்டார். கூச்சப்படுகிறார்கள் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கீரப்பாளையம் பக்கத்து வயல்களிலிருந்து சின்னத் துணிப்பைகளில் மண் எடுத்து வருவார். எந்த வயல், எவ்வளவு ஆழம், எந்தத் தேதி என்று ஒவ்வொரு பையிலும் சீட்டுக் கட்டியிருக்கும். மொட்டை மாடியில் செய்தித்தாள் விரித்து மண்ணைக் காயவைத்துத் திரும்பப் பைகளில் கட்டி அறையில் அடுக்குவார். ஒரு வருஷத்து உழைப்பு. தெரு அந்தப் பைகளைத்தான் பார்த்தது. முதலில் பைக்குள் என்ன என்று கேட்டார்கள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். சுடுகாட்டு மண் என்றார் ஒருவர். எலும்புப் பொடி என்றார் இன்னொருவர். எங்கள் வீட்டிலேயே வளர்ந்த மாதிரி இருந்த எதிர்வீட்டு அக்காவின் ஆறு வயது மகள் வருவது நின்றுபோனது. அக்காவைக் கேட்டேன். “ஒண்ணுமில்லடி, வெயிலு ஜாஸ்தியா இருக்குல்ல” என்றாள். அப்போது மார்கழி மாதம்.

அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் கடலூருக்குப் போன அன்றைக்குத்தான் அந்தக் குழந்தை காணாமல் போனது. காலை ஆறரை மணிக்கு அவர் படியிறங்கி, எங்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். மதியம் மூன்று மணிக்கு அக்கா பள்ளிக்கூடத்துக்குப் போனபோது குழந்தையை யாரோ அழைத்துப் போய்விட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு மணிக்கெல்லாம் தெருவே எங்கள் வாசலில் நின்றது. மாடி பூட்டியிருந்ததே அவர்களுக்குச் சாட்சியாகப் போயிற்று. பூட்டை உடைக்கும் சத்தம் எங்கள் தலைக்கு மேல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் பைகளைக் கொட்டினார்கள். ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணும் கருமண்ணும் மழை போல் விழுந்தன.

நான் வாசலுக்குப் போக எழுந்தேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். வளையல் நெளிகிற பிடி. “நம்ம ரெண்டு பேரும் பொம்பளைங்க. நாளைக்கும் இதே தெருவுலதான் இருக்கணும். வாயத் தொறக்காத” என்றாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, திரைக்குப் பின்னால் நின்றுவிட்டேன்.

ஐந்து மணி வாக்கில் கையில் ஃபைலோடு அவர் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தேன். கூட்டத்தைக் கண்டு நடையை வேகமாக்கினார். எங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்க வேண்டும். கேட் பக்கத்திலேயே பிடித்துவிட்டார்கள். முதல் அடியில் கண்ணாடி விழுந்தது. சட்டை கிழிந்தது. அவர் ஃபைலைத் திறந்து முத்திரை குத்திய தாளை ஒவ்வொருவரிடமாக நீட்டினார். யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.

“கடலூர் போனேன். காலையில போனேன். அம்மாவ கேளுங்க” என்றார்.

கூட்டம் எங்கள் பக்கம் திரும்பியது. அம்மா வாசல்படியில் நின்று, “நாங்க எதையும் பாக்கலப்பா” என்றாள்.

அவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். அரை மணி நேரம் இருக்கும். யார் போலீசுக்குப் போவது, அதற்கு முன் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது அக்காவின் செல்போன் அடித்தது. குழந்தை கீரப்பாளையத்தில், அக்காவின் தாய்வீட்டில் பத்திரமாக இருந்தது. ஊருக்கு வந்திருந்த அக்காவின் தம்பி, மருமகளை ஆசையாகப் பள்ளியிலிருந்தே அழைத்துப் போயிருக்கிறான். அதுவரை அவன் போனில் சார்ஜ் இல்லை. அவ்வளவுதான் விஷயம். கூட்டம் ஒவ்வொருவராகக் கரைந்தது. ஒரு பெரியவர் மட்டும் குனிந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்து, “தப்பா எடுத்துக்காதீங்க சார், புள்ளயக் காணோம்னா பதறத்தான செய்யும்” என்றார்.

மறுநாள் காலை விளக்குமாறோடு மாடிக்குப் போனேன். அவர் ஏற்கெனவே, கீழே விழுந்த மண்ணையும் அள்ளிவந்து, எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கூட்டி வைத்திருந்தார். சீட்டுகள் தனியாகக் கிடந்தன. பிரிக்க முடியாதா என்று கேட்டேன். “முடியாது. எது எந்த வயல்னு இனிமே தெரியாது” என்றார். திரும்பவும் மண் எடுக்க இரண்டு முறை போய் வெறும் கையோடு வந்தார். முன்பு வரப்பில் உட்காரவைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தவர்கள் இப்போது வயலில் இறங்க விடவில்லை. சேதி அவருக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

அடுத்த மாதம் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பினார். சாவி கொடுக்க வந்தபோது அம்மா அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை. நான்தான் வாங்கினேன். ஒரு மாதமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். “நீங்க கடலூர் போனது எனக்குத் தெரியும்ணா. நான் சொல்லல.”

“தெரியும்” என்றார். “ஜன்னல் கம்பியில உன் கை தெரிஞ்சுது. அந்தக் கையத்தான் பாத்துகிட்டு இருந்தேன். நீ வருவேன்னு.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்பா விடுமுறையில் வந்தபோது மாடிக்காரர் எங்கே என்று கேட்டார். படிப்பு முடிந்து போய்விட்டார் என்றாள் அம்மா. அப்போதும் நான் பேசவில்லை.

இப்போது நானும் அந்நிய தேசத்தில், ஒரு பெரிய நகரத்தில் ஏழாவது மாடியில் குடியிருக்கிறேன். என் உச்சரிப்பைக் கேட்டதும் கடைக்காரி ஒரு நொடி பேச்சை நிறுத்துகிறாள். அந்த ஒரு நொடி எனக்குத் தெரிந்ததுதான். போன குளிர்காலத்தில் ஒரு மதியம், பக்கத்து வீட்டுச் சிறுமி தளம் மாறி இறங்கிவிட்டு, லிஃப்ட் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து அவள் வீட்டு வாசல் வரை கூட்டிவந்தேன். மணியை அடித்தேன். யாரும் திறக்கவில்லை. சட்டென்று அவள் கையை விட்டேன். இரண்டடி தள்ளிப் போய், என் இரண்டு கைகளும் தெரியும்படி சுவரோரமாக நின்றேன். குழந்தை இன்னும் உரக்க அழுதது. என்னைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று தாழ்வாரத்தின் இரு பக்கமும் பார்த்தேன். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன.