அக்கா கேட்ட பாதிப் பாட்டு

காலை ஆறு மணி பத்து நிமிடம். திருவண்ணாமலையில் செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஆட்டோவை விட்டு இறங்கி அக்கா வீட்டு வாசலைத் தாண்டியபோது முதலில் கண்ணில் பட்டது சாவிப் பலகை. எட்டு ஆணிகளிலும் சாவி தொங்கியது. அக்கா வாடகைக்கு விடும் எட்டு அறைகளிலும் ஆள் தங்கியிருந்த வாரம் அது. தங்கியிருந்த அத்தனை பேரும் அறையைப் பூட்டி, சாவியை மாட்டிவிட்டு, முற்றத்துச் சுவரோரம் நின்றிருந்தார்கள். யாரும் அவர்களை அப்படிச் செய்யச் சொல்லவில்லை என்று அக்காவின் மகள் செல்வி பிறகு என்னிடம் சொன்னாள். முந்தின நாள் மாலை அவள் அழைத்ததால்தான் நான் சென்னையிலிருந்து கிளம்பியிருந்தேன். நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அக்கா காலமாகிவிட்டார்.

ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அக்காவின் அன்பைப் பற்றியும் அவர் கையால் சாப்பிட்டதைப் பற்றியும் பலர் எழுதியிருக்கிறீர்கள். நான் முப்பத்தோரு ஆண்டுகள் ஒரு நாளிதழில் செய்திகளைத் திருத்தும் மேசையில் இருந்தவன். எனக்குத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அக்காவின் வாழ்க்கையை நடந்த வரிசையில் சொல்கிறேன். ஒரு விஷயத்தை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதை எழுதும்படி அக்காவே என்னிடம் கேட்டார்.

அக்கா பிறந்தது கீழ்பென்னாத்தூருக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில். எங்கள் நிலத்தில் நெல்லும் மணிலா என்கிற நிலக்கடலையும் விளைந்தன. நாங்கள் இருவர், அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவர். எட்டாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றது. என் படிப்பு நிற்காததற்கு அவர்தான் காரணம். மணிலா பிடுங்கும் நாட்களில் என்னை நிலத்துக்கு அனுப்பச் சொல்லி அப்பா கேட்டால், "அவன் கணக்குக்கு நான் ரெண்டு பாத்தி சேத்துப் புடுங்குறேன்" என்று சொல்லிவிட்டு அப்படியே செய்வார்.

இருபதாவது வயதில் திருமணமாகித் திருவண்ணாமலைக்கு வந்தார். மாமா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் விழா எதுவானாலும் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார், ரெக்கார்டு போடுவார். ஆசிரமத்தின் பக்கம் மாமாவுக்கு இருந்த மனையில் முதலில் இரண்டு அறைகள் கட்டி, வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அந்த இரண்டை எட்டாக்கியது அக்கா. அவருடைய நாற்பத்து நான்காவது வயதில் மாமா மாரடைப்பில் இறந்தார். செல்வி அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். காரியம் முடிந்த மூன்றாம் நாள் அக்கா படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடியில் போட்டார். நான் ஏதோ சொல்லப் போனேன். "ரூம்ல இருக்கறவங்க அழுக்குலயா படுப்பாங்க?" என்றார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. தங்கியவர்கள் எதையாவது விட்டுவிட்டுப் போனால், அக்கா அதைத் துணியில் முடிந்து, அறை எண்ணும் தேதியும் எழுதிய அட்டையைக் கட்டி, பரணில் போடுவார். மூன்று வருஷம் காத்திருப்பார். தேடி வந்தவர்களும் உண்டு. கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்குப் பார்சலில் அனுப்பியதும் உண்டு. மூன்று வருஷம் முடிந்த பிறகுதான் முடிச்சை அவிழ்ப்பார்.

மாமா உயிரோடு இருந்த காலத்தில் அப்படி அவிழ்த்த ஒரு முடிச்சில் இரண்டு சட்டை, ஒரு கொசுவலை, ஓர் இசைத்தட்டு. எட்டு மாதம் தங்கிய ஒரு வெளிநாட்டு இளைஞர் விட்டுச் சென்றது. அறுபதுகளில் வந்த ஆங்கிலப் பாட்டுத் தட்டு, பன்னிரண்டு பாட்டுகள். மேலுறையில் மூன்று ஆண்களும் ஒரு பெண்ணும் ஒரு மர ஏணியின் நான்கு படிகளில் உட்கார்ந்திருப்பார்கள். அக்காவுக்கு அது கடைசி வரை 'ஏணி ரெகார்டு'. நானும் அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன்.

மாமாவிடம் இருந்த பழைய பிளேயர் ஒன்று வீட்டில் கிடந்தது. விரிப்புகள் காயும் மதிய நேரத்தில் அக்கா அந்தத் தட்டைப் போட்டுக் கேட்பார். ஒரு சொல்கூடப் புரியாது. ஆனால் மெட்டு முழுவதும் மனப்பாடம் ஆனது. விரிப்பை மடிக்கும்போதும் தலையணை உறை மாட்டும்போதும் அதைப் பாடிக்கொண்டே இருப்பார். சொற்களுக்குப் பதிலாக நா, நா என்றுதான் வரும். முதல் பாட்டுக்கு வினோதமான மெட்டு. நாலு சுரத்துக்குள்ளேயே சுற்றும். ஓரிடத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு, எதிர்பாராத இடத்தில் ஒரு படி இறங்கும்.

"என்னாடி பாட்டு இது? போன எடத்துக்கே போவுது, வந்த எடத்துக்கே வருது" என்பார் மாமா.

"அது நல்லாத்தான் போவுது. உங்களுக்குத்தான் ஊர் ஊராக் கொழா கட்டிக் காது அவிஞ்சு போச்சு."

அக்காவுக்கு முப்பத்தெட்டு வயதானபோது அது நடந்தது. நான் செய்தித்தாளில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன, விடுமுறையில் வந்திருந்தேன். மாலை ஐந்தரை மணி இருக்கும். மொட்டை மாடியில் வெளிநாட்டவர் ஆறேழு பேர் கிட்டார் வைத்துப் பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா டீ எடுத்துக்கொண்டு மேலே போனார். நான் பின்னால் போனேன். அவர்கள் பாடிய ஆங்கிலச் சொற்களின் பழகிய ஓசையைக் கேட்டதும் அக்கா நின்றார். ஏணி ரெகார்டின் முதல் பாட்டு. டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவும் சேர்ந்து பாடினார். குரலை அடக்கவில்லை; தனக்குத் தெரிந்த ஒன்றைப் பாடுகிறவரின் முழுக் குரல்.

இரண்டு வரி போயிருக்கும். கிட்டார் நின்றது. ஒருவர் சிரித்தார், அவரைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். அவர்களோடு வந்திருந்த சென்னைக்காரர், "அக்கா, அவங்க பாடறது வேற, நீங்க பாடறது வேற. கொழம்பிடுச்சு" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். படித்தவன், பத்திரிகையில் இருப்பவன்.

"உனக்குச் சுருதி நிக்கலக்கா. உட்டுடு" என்றேன்.

"அப்டியா" என்றார். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு கீழே போனார்.

அதன் பிறகு அக்கா பாடி யாரும் கேட்கவில்லை. ஏணி ரெகார்டும் பரணுக்குப் போனது. செல்வி பெரியவளாகித் திருமணமாகி அவளுக்குக் குழந்தைகள் பிறந்தன. தாலாட்டுகூட அக்கா பாடவில்லை. "எனக்குச் சுருதி நிக்காது. உங்க மாமியாரப் பாடச் சொல்லு" என்று செல்வியிடம் சொல்லியிருக்கிறார். நான் சொன்ன அதே சொற்கள். முப்பத்து நான்கு ஆண்டுகள் அது அப்படியே இருந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மழையில் ஒழுகிய பரணைக் காலி செய்தபோது செல்வி அந்தத் தட்டை எடுத்தாள். மேலுறை ஓரத்தில் பூசணம். தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அக்கா வீட்டுச் சந்தின் முனையில் காபிக் கடை நடத்தும் பாஸ்கர் கடையில் நல்ல பிளேயர் ஒன்றை வைத்திருக்கிறார், இரண்டு பக்கமும் ஒலிப் பெட்டிகளோடு. நான் ஊருக்கு வந்திருந்த ஒரு முற்பகலில் அக்கா, செல்வி, நான் மூவரும் தட்டை எடுத்துக்கொண்டு போனோம். அக்காவுக்கு அப்போதே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. வரமாட்டேன் என்றவரைச் செல்விதான் இழுத்து வந்தாள்.

முதல் பாட்டு தொடங்கியது. நான் பல வருஷம் அந்த வீட்டில் கேட்ட தட்டு அது. ஆனால் அந்தப் பாட்டை நான் கேட்டதே இல்லை. உயரத்தில் தெளிவாக ஒரு பெண்குரல், ஒரு தரம் கேட்டாலே திரும்பப் பாடிவிடலாம் போன்ற மெட்டு.

"ம்மா, இது நம்ம ரெகார்டுதானா?" என்றாள் செல்வி.

அக்கா எழுந்து, மேசைகளைப் பிடித்துக்கொண்டு நடந்து, இடது பக்கத்துப் பெட்டியிடம் போய்க் காதை வைத்தார். "இதான் எம் பாட்டு" என்றார். பிறகு வலது பக்கம் கையை நீட்டி, "அது யாரு?"

பாஸ்கர் ஒரு குமிழைத் திருப்பினார். வலது பெட்டி அடங்கியது. இடது பெட்டியில் இரண்டு ஆண்குரல்கள் மட்டும் நாலு சுரத்துக்குள் சுற்றின, ஓரிடத்தில் நின்றன, எதிர்பாராத இடத்தில் ஒரு படி இறங்கின. மொட்டை மாடியில் அக்கா பாடியது அதுதான். ஒரு சுரம் மாறவில்லை.

"உங்க வீட்ல ரெண்டு பாக்ஸ் வெச்சா கேட்டீங்க?" என்றார் பாஸ்கர்.

"ரெண்டு ஏது? ஒண்ணுதான். பின்னாடி ரெண்டு ஒயரு வரும். அவரு ஒண்ண வெட்டி டேப்பு சுத்திடுவாரு."

மாமா வைத்திருந்த எல்லா பிளேயரிலும் அப்படித்தான். இரண்டு ஒயரையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில் சேர்த்தால் இரைச்சல் வருகிறது, தெருவுக்குக் கட்டும் குழாய்க்கு ஒன்றே போதும் என்பது அவருடைய தொழில் முறை. அன்றைய நம் சினிமாத் தட்டுகளில் இரு பக்கமும் ஒரே ஒலிதான் இருக்கும் என்பதால் அதனால் எதுவும் குறையவில்லை. ஏணி ரெகார்டு அப்படிப்பட்டதல்ல. அதில் நான்கு பேரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லை. இரண்டு பேர் மெட்டைப் பாட, மற்ற இரண்டு பேர் அதன் கீழேயே வேறொரு வழியில் கூடப் போகிறார்கள். மெட்டு வலது பக்கம். கூடப் போகும் குரல்கள் இடது பக்கம். மாமா வெட்டியது வலது ஒயரை. அக்கா கேட்டதும் பாடியதும் கூடப் போகும் குரலை.

"அப்ப அன்னிக்கு மாடில?" என்று அக்கா கேட்டார்.

"நீங்க பாடினது கரெக்ட்டுமா. அவங்க வேற சுருதில, வேற கட்டையில ஆரம்பிச்சிருப்பாங்க. அதே கட்டையா இருந்திருந்தா சேந்திருக்கும்" என்றார் பாஸ்கர்.

தட்டை முதலிலிருந்து போடச் சொன்னார் அக்கா. நின்றபடியே பாடினார். எழுபத்திரண்டு வயதுக் குரல், கொஞ்சம் கரகரப்பு. வலது பக்கத்துப் பெண்குரல் மேலே போக, அக்காவின் குரல் கீழே தன் வழியில் போனது. கடையில் இருந்த ஐந்து பேரும் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினார்.

"ஏன்டா, பேப்பருல தப்பாப் போட்டுட்டா மறுநாளு திருத்தம்னு போடுவீங்களே."

"போடுவோம்."

"உள்ள, யாரும் பாக்காத மூலையில, இத்தினியூண்டு."

"ஆமாம்க்கா."

"எனக்கு மட்டும் கொஞ்சம் பெருசாப் போடு. இவ மாமியா படிக்கணும்."

செல்விதான் முதலில் சிரித்தாள்.

அக்கா கேட்ட திருத்தம் இது: முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் மொட்டை மாடியில் அக்காவுக்குச் சுருதி நிற்கவில்லை என்று நான் சொன்னது தவறு. அக்கா பாடியது சரி. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

அடுத்த சில மாதங்களில் அக்காவுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. வாரம் இருமுறை மருத்துவமனையில் ரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வலியைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. பாஸ்கர் ஏணி ரெகார்டு முழுவதையும் அவருடைய கைபேசியில் ஏற்றிக் கொடுத்தார். அக்கா இயர்போனின் வலது பக்கத்தை மட்டும் காதில் மாட்டிக்கொள்வார். "இந்தப் பக்கம் தெரியும். அந்தப் பக்கம் கத்துக்கணும்" என்றார். ஒரு பாட்டு முழுதாக வந்த பிறகுதான் அடுத்ததற்குப் போவார். பக்கத்துக் கட்டிலில் இருந்த போளூர்க்காரர், "ஏம்மா, நேத்து பாடினதே தேவலாம்" என்று கேலி செய்வார். "நேத்து நீ முழிச்சினு இருந்தியா?" என்று அக்கா திருப்பிக் கேட்பார். செவிலியர் மட்டும், "அம்மா, மேல போற எடத்துல பிரஷரும் கூடவே போவுது, மெதுவாப் பாடுங்க" என்பார்.

அக்காவின் கடைசி மாதங்களில் துணை நின்றவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்லும் பொறுப்பும் எனக்குத் தரப்பட்டிருக்கிறது. செவ்வாயும் வெள்ளியும் விடியற்காலையில் வந்து அக்காவைத் தூக்கி உட்காரவைத்து அழைத்துப் போன ஆட்டோ ஓட்டுநர் முருகன். அறைகளைக் கவனித்துக்கொண்டு, ஒரு நாள்கூட விரிப்பு மாற்றத் தவறாத வள்ளியம்மா. காபிக் கடை பாஸ்கர். பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட அந்தச் செவிலியர். சாவிகளை மாட்டிவிட்டு வெளியே வந்து நின்ற எட்டு அறைக்காரர்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் வந்து, பதினாறு நாளும் செல்வியைத் தனியே விடாத உறவினர்கள். எல்லோருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

பன்னிரண்டு பாட்டுகளில் ஏழின் வலது பக்கத்தை அக்கா முழுமையாகக் கற்றிருந்தார். எட்டாவதில் இரண்டாவது அடி வரை வந்திருந்தார்.