பீப்பாய்க்குள் கேட்ட சத்தம்

கலிஃபோர்னியாவின் மில்பிடாஸில் ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை பார்க்கும் அனந்தலக்ஷ்மி ஒயினை வாயில் வைத்ததே இல்லை. போன அக்டோபரில் கணவர் நவநீத்தோடு கடலோரச் சாலையில் போனபோது, பாத்ரூம் தேடித்தான் ஒயின் தயாரிக்கும் ஒரு சின்ன ஒயினரிக்குள் காரைத் திருப்பினார்கள்.

அப்பா, அம்மா, மகள் என்று ஒரு குடும்பமே நடத்தும் இடம். மலைச்சரிவில் திராட்சைக் கொடிகள், கீழே கடல். தான் குடிப்பதில்லை என்று அனந்தலக்ஷ்மி கூச்சத்தோடு சொன்னதும், "அப்படியானால் காதால் கேட்டுப் பாருங்கள்" என்று மகள் அவரைக் கொட்டகைக்குள் கூட்டிப்போய் ஒரு பீப்பாயைக் காட்டினாள்.

அனந்தலக்ஷ்மி காதை வைத்தார். சில நாள் முன்பு பிழிந்த திராட்சைச் சாறு உள்ளே புளித்து நுரைத்துக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் தூறல் விழுவதுபோல ஓயாத சலசலப்பு. அடுப்பும் மோட்டாரும் இல்லாமல், தானாகவே. அவர் கணவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க, இங்க வந்து கேளுங்களேன். உள்ள உயிரோட இருக்கு!"

நவநீத்தும் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "நெக்ஸ்ட் வீக்கெண்டும் இந்தப் பக்கமே டிரைவ் பண்ணலாம்."

குளிர்காலத்துக்குள் அந்தக் கரையோரத்தில் இன்னும் சில குடும்ப ஒயினரிகளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டுப் பீப்பாயும் ஒவ்வொரு விதமாகப் பேசுகிறது என்கிறார் அனந்தலக்ஷ்மி.