மந்திரம் தேடிய சனிக்கிழமை

எழுபதுகளின் பிற்பகுதி. மெல்பர்னில் அப்போது நம் ஊர்க் கோயிலும் கிடையாது, குருக்களும் கிடையாது. எங்கள் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து டீச்சரின் கணவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். திங்கட்கிழமை ஸ்பிரிங்வேலில் தகனம்.

சிட்னியிலிருந்து வந்திறங்கிய, இறந்தவரின் அண்ணன், "தேவாரம் நாங்கள் பாடுவம். மந்திரம் ஆர் சொல்லுறது?" என்று கேட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் அப்பா சமஸ்கிருத வாத்தியார் என்று ஒரு பொங்கலன்று சொல்லித் தொலைத்திருந்தேன். எனக்கோ எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும்தான் தெரியும். வேதத்தை அதுவரை தொட்டதுகூட இல்லை. சொன்னால் யார் கேட்டார்கள்?

சனிக்கிழமை நூலகத்திலிருந்து வேதப் பாடல்களின் தடித்த புத்தகத்தைத் தூக்கி வந்தேன். ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் ஆங்கிலம். திறந்த இடமெல்லாம் குதிரை, மாடு, இடி, மழை. ஏதோ செடியைப் பிழிந்து குடிப்பதைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் புகழ்ச்சி. ஆறுதலாக ஒரு வரி இருக்காதா என்று தேடினால், அடிக்குறிப்பில் 'பொருள் தெளிவில்லை' என்று மொழிபெயர்த்தவரே கையை விரித்திருந்தார். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது. நடுவில் அண்ணன் வேறு போன் செய்து, "பிழையில்லாமல் வாசிக்கோணும், தங்கச்சி" என்றார். போனை வைத்துவிட்டுப் புத்தகத்தையும் திட்டினேன், அவரையும் திட்டினேன்.

சாயங்காலம் ஒருவழியாக இறந்தவருக்கான பாடல்கள் கிடைத்தன. அதில் ஒன்றை இரண்டு தரம் படித்துவிட்டு, அந்தப் பக்கத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகி வைத்தேன்.

திங்கட்கிழமை, "பொம்பிளையள் சுடலைக்கு வாறதில்லை" என்று அண்ணன் எவ்வளவோ சொல்லியும் டீச்சர் வந்துவிட்டார். மந்திரம் வாசிக்க வேறு ஆள் இல்லாததால் என்னை மட்டும் அவர் பொறுத்துக்கொண்டிருந்தார். டீச்சரைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். அவர் வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று அண்ணனே முடிவு செய்து, டிக்கெட்டும் போட்டிருந்தார்.

நான் தட்டுத் தடுமாறி வாசித்தேன். நாக்கு சுளுக்கிக்கொண்டது. முடித்ததும் பின்னாலிருந்து டீச்சரின் குரல் கேட்டது: "அக்கா, அதைத் தமிழில சொல்லுங்கோ."

"மந்திரத்துக்குத் தமிழ் என்னத்துக்கு?" என்றார் அண்ணன்.

இரண்டு நாளாக அடக்கி வைத்த எரிச்சல் எனக்குப் பொங்கி வந்தது. "அவங்க கேக்கறாங்க, நான் சொல்றேன்" என்றேன். "செத்துப்போன கணவன் பக்கத்துல ஒருத்தி படுத்திருக்கா. அவளைப் பார்த்துச் சொல்றாங்க: அவர் போயிட்டார்மா. நீ எழுந்திரு. உயிரோட இருக்கறவங்க பக்கம் திரும்பி வா."

டீச்சர் எழுந்தார். நடுவழியே நடந்து வந்து, சவப்பெட்டியின் மேல் கை வைத்து நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி, "அத்தான், நான் ஊருக்கு வரேல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகப்போறன்" என்றார்.

அண்ணன் என்னிடம் கையை நீட்டிப் புத்தகத்தை வாங்கினார். "உண்மையா அப்பிடியே கிடக்கு?" என்று கேட்டார். "ஆமா" என்று ஆங்கிலப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். மறுபடியும் படித்தார். "அப்ப சரி" என்று மட்டும் சொன்னார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் போனது தம்பி அல்லவா.

டீச்சர் ஓய்வு பெறும்வரை அதே பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாடல்களை நான் இன்றும் அவ்வப்போது எடுத்துப் பார்க்கிறேன். பாதிக்கு மேல் புரிவதில்லை, எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும், துக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்னால் எதை வாசித்தாலும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லிவிட வேண்டும் என்பதை மட்டும் அன்றிலிருந்து நான் யாருக்காகவும் விட்டுக்கொடுத்ததில்லை.