மூன்றாம் படியும் நான்காம் படியும்

வேதியியல் ஆசிரியைக்குப் பள்ளியில் ‘பாட வங்கி’ என்றொரு பட்டப்பெயர் உண்டு. தாம் எழுதிய சோதனைக் குறிப்புகளையெல்லாம், எந்த ஆசிரியரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி ஓர் இணையத்தளத்தில் அவர் ஏற்றி வைத்திருந்தார். தளத்தார் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டியிருந்தார்கள். “நட்சத்திரம் வீட்டுக்கு வந்தாச்சு, லைட்டை அணைங்க” என்று மகள் தினமும் கேலி செய்வாள்.

பல்வலியால் ஒருநாள் அவர் விடுப்பு எடுத்தார். வகுப்பைக் கணித ஆசிரியர் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலை ஆய்வகத்துக்குள் நுழைந்த ஆசிரியை, மேசை விளிம்பில் புதிதாக நான்கைந்து கரும்புள்ளிகளைக் கண்டார்.

“நல்லவேளை டீச்சர், முன்வரிசைப் பொண்ணை நான் பின்னால இழுத்துட்டேன்” என்றார் ஆய்வக உதவியாளர். “ஆசிட் குபீர்னு தெறிச்சிடுச்சு.”

“எதுல எதை ஊத்தினார்?”

“ஆசிட்ல தண்ணியை. தப்பாச்சே சார்னேன். உங்க குறிப்புத் தாளைக் காட்டி என் வாயை அடைச்சிட்டாரு.”

தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில்தான் அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்ற வேண்டும். தாளில் மூன்றாம் படியும் நான்காம் படியும் இடம் மாறிக் கிடந்தன. ஈராண்டுகளுக்கு முன், எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டுமென்று படத்தை நகர்த்தியபோது நேர்ந்த பிசகு. வகுப்பில் அவர் தாளைப் பார்த்ததே இல்லை. வாய் சொல்லும், கை செய்யும், பிள்ளைகள் கையைப் பார்ப்பார்கள். அந்தக் குரலும் கையும் இல்லாமலேயே தாள் ஊர் ஊராகப் போயிருந்தது. ஆசிரியர் அறைக் கணினியில் பார்த்தார்: இறக்கியவர்கள் மூவாயிரத்து எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர்.

கணித ஆசிரியர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். “கமுக்கமா பழசை எடுத்துட்டுப் புதுசைப் போடுங்க மேடம். யாருக்குத் தெரியப்போகுது?”

“யாருக்கும் தெரியாதுங்கிறதுதான் சார் என் பயமே.”

“நட்சத்திரம் போயிடும்.”

“போகட்டும். நேத்துப் போட்ட அதே சட்டையா சார்? கையில ஆசிட் ஓட்டை விழுந்திருக்கே, அதைப் பாருங்க.”

அவர் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

ஆசிரியை தாளைத் திருத்தி, தவறு தம்முடையதே என்று அதன் தலைப்பில் சிவப்பு எழுத்தில் எழுதினார். இறக்கியவர்களின் முகவரி எதுவும் கிடைக்கவில்லை. பக்கத்தின் அடியில் கருத்து எழுதிய நாற்பத்தொருவருக்கு மட்டும் செய்தி அனுப்ப வழியிருந்தது. ஒருவர் விடாமல் அனுப்பினார். மதியத்துக்குள் ஒன்பது பதில்கள் வந்தன. சென்ற வாரம் கருத்து எழுதியிருந்த ஒருத்தியின் பதில் அவற்றில் இல்லை; அது வருமா என்று அவர் மனம் அடித்துக்கொண்டது. அவள் எழுதியிருந்தது இதுதான்: “நான் பணிக்குப் புதியவள். உங்கள் தாளை வரி பிசகாமல் பின்பற்றுகிறேன். மிக்க நன்றி, அம்மா.” ஈராண்டுகளில் அவருக்கு மிகவும் இனித்த பாராட்டு அது. இப்போது ‘வரி பிசகாமல்’ என்ற சொற்களையே திரும்பத் திரும்பப் படித்தார்.

மணி அடித்தது. ஆய்வக மேசையில் கைப்பேசியைத் திரை மேலே இருக்கும்படி வைத்தார்.

“டீச்சர், போன் கொண்டுவரக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?” என்றாள் முன்வரிசைப் பெண்.

“ஆமாம்மா. இன்னைக்கு ஒருத்தங்க எனக்குப் பதில் சொல்லணும்.” பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: “எல்லாரும் தாளை எடுங்க. மூணையும் நாலையும் பேனாவால அடிங்க. தப்பு என்னோடது.”

முப்பது பேனாக்கள் தாளில் கீறின. அவர் குடுவையில் தண்ணீரை ஊற்றினார். கைப்பேசித் திரை இருண்டே கிடந்தது.